இருபத்தேழாம் தூணில் இழுபட்ட மஞ்சள்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். ரோலர் கோஸ்ரர் தூண்களுக்குப் புதுசாக நீலப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியிருக்கிறீர்களாம். "ஐயா, இருபத்தேழாம் தூணிலை மஞ்சளாய் ஒரு கோடு இழுபட்டுக் கிடக்குது. பாக்க வடிவாயும் இல்லை. அடிச்சு அழிக்கட்டோ, விடட்டோ? ஏன் கிடக்குதெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்று கேட்டார்.

போனில் சொல்லி முடிக்கிற மறுமொழி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது தெரியும்தானே, எழுத்தும் அப்படித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆர் என்பதை முதலில் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பத்தாம் வகுப்போடு அச்சுவேலியில் ஒரு கராஜில் சேர்ந்தவன் நான். சண்டைக் காலம். பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது. மருந்துப் போத்திலால் ஒரு சொட்டுப் பெற்றோலை எஞ்சினுக்குக் காட்டி உறுமவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் மினிபஸ் ஓட்டின ஆட்கள் நாங்கள். எண்ணெய் லைற் எரிந்தால் வயரை வெட்டிவிடுவோம். சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனால் அதற்கு மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டிவிடுவோம். பஸ் ஓடும். சனம் போய்ச் சேரும். "உன்ரை கை பட்டால் செத்த எஞ்சினும் எழும்பும்" என்று ஒரு சாரதி ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

அந்தக் காலத்துக்கு அது சரிதான். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை லைற் என்றால் வேலையைக் கெடுக்க வந்த சாமான் என்ற எண்ணம் இருபது வயதிலேயே எனக்குள் இறுகிப்போனது. அதோடுதான் ரோலர் கோஸ்ரரை இயக்குகிறவனாக இந்தப் பூங்காவுக்கு வந்தேன்.

ரோலர் கோஸ்ரர் வந்த புதிதில் சனம் அதைப் பார்க்கவே பஸ் பிடித்து வந்தது. பனைகளுக்கு மேலால் ஓர் இரும்புத் தண்டவாளம் வளைந்து வளைந்து போகிறதை இந்தக் குடாநாட்டில் ஆர் கண்டது? இறங்கி வருகிறவர்கள் சொல்வதை எல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். இணுவிலில் இருந்து வந்த ஓர் ஐயா இறங்கி வந்து, "தம்பி, ஷெல்லடியிலை ஓடேக்கையும் வயிறு இப்பிடித்தான் செய்தது. அதுக்கு ஆரும் ரிக்கற் கிழிக்கேல்லை" என்றார். ஓர் அம்மா, "மேலை நிக்கேக்கை கோயில் கோபுரம் தெரிஞ்சுது, கும்பிட முதல் விழுத்திப்போட்டியள்" என்று என்னோடு சண்டைக்கு வந்தா. சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் அவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. பயத்தை விளையாட்டாகப் பார்க்க வந்திருக்கிறார்கள். அது விளையாட்டாகவே முடியும் என்று எங்களை நம்பி ஏறுகிறார்கள்.

இப்போது எங்களோடு வேலை செய்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போடவில்லை. போட்டால் அவவுக்குப் பிடிக்காது. மேடையில் நின்று ஆட்களை இருத்தி, நெஞ்சுக்கு மேலால் வருகிற கம்பியைப் பூட்டிச் சரிபார்க்கிறது அவவின் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது இளமை, இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கே வருவதற்கு முன்னர் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் ஏழு வருஷம் நின்றவ. ஒரு கம்பியைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பா. வரிசை நீளும். எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது பகிடியாகக் கேட்டேன். "பிள்ளை, அந்தக் கம்பி உம்மை என்ன செய்தது? போட்டு இந்த இழுவை இழுக்கிறீர்?"

அவ சோற்றைக் குழைத்தபடியே சொன்னா. "அண்ணை, அங்கை கருவி கத்தினால் நாங்கள் குந்தியிருந்து கிண்டுவம். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். கிண்டினால் ஆணி. பிறகும் கத்தும். கிண்டினால் மீன் ரின் தகடு. ஒரு கிழமை முழுக்க ஆணியே வந்ததும் இருக்கு. ஆனா கருவி கத்தேக்கை ஆணியெண்டு நினைச்சுக் கிண்டினவை ஆரும் வீட்டை போறேல்லை."

"அப்ப ஒவ்வொரு ஆணிக்கும் வெடிக்குக் கிண்டிற மாதிரியோ கிண்டுவியள்?"

"ஓம். ஆணியெண்டு கண்ணாலை கண்டாப் பிறகுதான் அது ஆணி."

நான் அதைக் கொப்பியில் எழுதினேன். நல்ல கதை என்று எழுதினேன். ரோலர் கோஸ்ரருக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. எங்கள் இடத்தில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. சாவியில் இருந்து சம்மட்டி வரைக்கும் சந்தனம், குங்குமம். வண்டிப் பெட்டிகளுக்கு மாலை. வேலிக் கதவுகளுக்கு மாவிலைத் தோரணம். எல்லாவற்றிலும் பெரிய வேலை தூண்களுக்குப் பொட்டு வைக்கிறது. அதை எண்ணெய் போடுகிற அண்ணை செய்வார். தண்டவாளத்துக்கும் சில்லுகளுக்கும் எண்ணெய் போடுகிறவர் என்பதால் அவரை எல்லாரும் எண்ணெய் அண்ணை என்றே கூப்பிடுவோம். சாந்தமான மனுஷன். ஷெல் விழுந்ததில் ஒரு காது சரியாகக் கேளாது. ஒரு தூணுக்குப் பொட்டு விடுபட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "எல்லாரும் சேந்து தூக்கிறவை. ஒருத்தருக்கு மட்டும் வையாமல் விட்டால் அது என்ன மரியாதை?" என்று கேட்பார்.

அன்றைக்குச் சோளகக் காற்று அடங்காமல் வீசிக்கொண்டிருந்தது. காலையில் நான் வண்டியை இயக்குகிற கண்ணாடி அறையில் இருந்தேன். பனைக்கூடல் பக்கத்து வேலிக் கதவின் லைற் எரிந்தது. தண்டவாளத்துக்குள் போகிற கதவு திறந்திருந்தால் இயந்திரம் வண்டியை நிற்பாட்டும், அதற்குத்தான் அந்த லைற். நான் நடந்து போய்ப் பார்த்தேன். நான் கட்டின தோரணக் கயிறு காற்றுக்கு இழுபட்டுக் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து விட்டிருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

அரை மணித்தியாலத்தில் திரும்பவும் எரிந்தது. வண்டி அப்போது வெறுமையாகப் பரிசோதனை ஓட்டத்தில் நின்றது. இந்தத் தரம் நான் போகவில்லை. இடுப்பில் தொங்கின சிவப்புத் திறப்பை, அந்தச் சாவியைப் பூட்டுத் துவாரத்தில் போட்டுத் திருப்பினேன். அந்தத் திறப்பு இயந்திரத்துக்குச் சொல்வது ஒன்றுதான்: நான் பார்த்துவிட்டேன், பாதையில் ஆள் இல்லை, விடு. நான் பார்க்கவில்லை. வண்டி போய் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது, காற்று மாறினதோ என்னவோ லைற்றும் தானாக அணைந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோஷம்கூட வந்தது. பழைய கை இன்னும் வேலை செய்யுது என்று.

பூசை முடிந்து, அவலும் கடலையும் கொடுத்து, சனத்தை ஏற்றினோம். முதல் ஓட்டம். வண்டி சங்கிலியில் கடகடவென்று ஏற்றத்தில் ஏறியது. உச்சிக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது நின்றது.

என் முன்னால் அதே லைற். பனைக்கூடல் கதவு.

மேலே பதினாறு பேர். காற்றுக்கு மாலைகள் பறக்கின்றன. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. கனடாவில் இருந்து வந்த ஒருவர் மேலிருந்து கத்தினார். "என்னப்பா, உங்கடை சாமான் நல்ல நாளிலையும் வேலை செய்யாதோ?" பின்னால் இருந்த அம்மா ஒருவர் முருகா முருகா என்று சொல்வது கீழே வரைக்கும் கேட்டது.

உள்ளே ஆராவது போனால் தன் பெயர்த்தகட்டைப் பலகையின் சிவப்புக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். பலகையைப் பார்த்தேன். சிவப்புக் கொளுக்கி வெறுமையாக இருந்தது. எண்ணெய் அண்ணை பூசைக்கு முன்னரே வந்து, "எல்லாத் தூணுக்கும் வைச்சாச்சு" என்று சொல்லியும் இருந்தார். என்னிடம் எல்லாக் காரணமும் இருந்தது. காற்று, கயிறு, காலையில் இரண்டு தரம் கண்ட அனுபவம், வெறும் கொளுக்கி. திறப்பை எடுத்துத் துவாரத்தில் போட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை மேடையில் இருந்து வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தா.

"அண்ணை, என்ன லைற்?"

"அந்தக் கோதாரி விழுந்த தோரணம்தான் பிள்ளை. காலமையும் உதுதான்."

"போய்ப் பாத்தனீங்களோ?"

"காலமை பாத்தனான்."

"இப்ப?"

அவ கையை நீட்டினா.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன். திறப்பைத் தாங்கோ."

"நீர் போய்ப் பாரும். திறப்பு என்னட்டை இருக்கட்டும்."

"இல்லை அண்ணை. உள்ளை நான் நிக்கிறனெண்டால் திறப்பு என்ரை கையிலை இருக்கோணும்."

"என்னிலை நம்பிக்கையில்லையோ உமக்கு?"

"உங்களிலை இருக்கு அண்ணை. காத்திருக்கிற நேரத்திலைதான் நம்பிக்கையில்லை."

கோபத்தோடு கொடுத்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேசையில் எறிந்துதான் கொடுத்தேன். அவ அதை எடுத்துச் சங்கிலியோடு கழுத்தில் போட்டுக்கொண்டு, வோக்கிடோக்கியையும் எடுத்துக்கொண்டு போனா. ஓடவில்லை. அந்தப் பிள்ளை எப்போதும் ஓடுவதில்லை. அந்த நடை அன்றைக்கு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். பூங்கா முகாமையாளர் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு மேலேயும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"என்ன பிரச்சினை? ஏன் நிக்குது?"

"கதவு லைற் சேர். காத்துக்குக் கயிறு இழுபடுது. காலமையும் வந்தது."

"காத்தெண்டு தெரியும்தானே? பிறகேன் சனத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? ஒரு பிள்ளை அங்கை கத்துது. விடுங்கோ."

"சரி சேர்."

சரி என்று சொன்னேன். நன்றாக வாசியுங்கள் இதை. சரி சேர் என்று சொல்லிவிட்டு, போனை வைக்க முதலே என் வலது கை இடுப்புக்குப் போனது. திறப்புத் தொங்குகிற கொளுவியைத் தடவினது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கணம் எனக்கு விளங்கவேயில்லை, திறப்பு எங்கே என்று தேடினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. என் கை வெறும் கையாக இடுப்பில் நின்றது.

அப்போது வோக்கி இரைந்தது. அவவின் குரல் தாழ்வாக, ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டு வந்தது.

"அண்ணை. ஆணி இல்லை."

இருபத்தேழாம் தூண் நிற்கிற இடம் உங்களுக்குத் தெரியும். முதல் இறக்கம் வந்து பள்ளத்தில் திரும்புகிற இடம். தண்டவாளம் அங்கே நிலத்துக்குக் கிட்ட வரும். வண்டி முழு வேகத்தில் ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் போகும். அந்த இடத்தில் எண்ணெய் அண்ணை தண்டவாளத்துக்கு மேலால் குனிந்து, தூணின் உள்பக்கத்தில் சந்தனம் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கேளாத காது எங்கள் பக்கம். எல்லாம் முடிந்தது என்று என்னிடம் சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தாராம். ஒன்று குறைந்ததாம். ஒரு நிமிஷ வேலைதானே என்று பனைக்கூடல் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். கையெல்லாம் சந்தனம், பெயர்த்தகட்டைத் தொட்டால் ஊத்தையாகும் என்று அதை மாட்டாமல் விட்டிருக்கிறார்.

அவ கூப்பிட்டிருக்கிறா, கேட்கவில்லை. பின்னால் போய்ச் சட்டையோடு தோளைப் பிடித்து இழுத்திருக்கிறா. அந்த இழுவைக்கு அவரின் விரல் தூணில் ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டது. அதுதான் நீங்கள் கேட்ட கோடு.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். எண்ணெய் அண்ணை சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்? ஒரு தூண் விடுபட்டுப்போச்சு, அவ்வளவுதானே."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவ கழுத்தில் கிடந்த திறப்பைக் கழற்றி நீட்டினா. நான் கையை நீட்டவில்லை. "நீரே வைச்சிரும்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. பதினாறு பேரையும் ஏற்றத்தின் படிகளால் ஒருவர் ஒருவராக இறக்கினது அவவும் மேடைக்காரர்களும்தான். கனடாக்காரர் இறங்கி வந்து ஏசிவிட்டுப் போனார். அவருக்கு என்ன நடந்ததென்று தெரியாது. அவர் உயிரோடு ஏசினது எனக்குப் பெரிய நிம்மதி.

பின்னேரம் முகாமையாளர் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு முகம் வெளிறியிருந்தது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"காத்துக்குக் கதவு லைற் பிழையாய் எரிஞ்சுது, அதனாலை நிப்பாட்டினது எண்டு எழுதுவம். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"லைற் பிழையில்லை சேர். அது சரியாத்தான் எரிஞ்சுது."

"அப்ப என்னெண்டு எழுதப் போறியள்?"

எழுதத் தொடங்கின பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. எண்ணெய் அண்ணை தகடு மாட்டாததை எழுதுவது சுலபம். முகாமையாளர் விடுங்கோ என்று சொன்னதை எழுதுவதும் சுலபம். காலையில் இரண்டாம் தரம் கதவைப் பாராமல் திறப்பைத் திருப்பினதை அங்கே ஒருத்தரும் காணவில்லை. எழுதாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் முழுக் கதையும் அங்கேதான் தொடங்கியது. அந்தத் தரம் ஒன்றும் நடக்காமல் வண்டி திரும்பி வந்ததே, அந்த ஒன்றும் நடக்காததுதான் மூன்றாம் தரம் என் கையைத் திறப்புக்குக் கொண்டு போனது. எழுதினேன். கயிறு கட்டினதையும், திருப்பினதையும், மேசையில் எறிந்ததையும், சரி சேர் என்றதையும், கை இடுப்புக்குப் போனதையும்.

முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, தான் போனில் சொன்னதை அடியில் தன் கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார். அந்த மனுஷனை நான் மதிக்கத் தொடங்கினது அந்த நேரம்.

என்னைக் கண்ணாடி அறையில் இருந்து நாலு மாதம் எடுத்துவிட்டார்கள். மேடையில் கம்பி பூட்டுகிற வேலை, அந்தப் பிள்ளைக்குக் கீழே. முதல்நாள் நான் ஒரு கம்பியைப் பூட்டி ஒருதரம் இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். பின்னால் நின்று சொன்னா, "அண்ணை, இன்னும் ரெண்டு." சிரிக்கவில்லை. இளக்காரமும் இல்லை. நான் திரும்பிப் போய் இன்னும் இரண்டு தரம் இழுத்தேன். அந்த இருக்கையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்து, "இறுக்கமாத்தான் இருக்கு அங்கிள்" என்றது. அதுவும் கொப்பியில் கிடக்கிறது.

உங்களில் கெட்டிக்காரர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னைவிடப் படித்தவர்கள். அதனால்தான் சொல்கிறேன். காரணம் தெரியாத ஆள் பயந்து போய்ப் பார்ப்பான். காரணம் தெரிந்த ஆள்தான் இருந்த இடத்தில் இருந்து திருப்புவான். என்னிடம் அன்றைக்கு நல்ல காரணங்கள் இருந்தன, ஒன்றுகூடப் பொய்யில்லை. காற்று வீசினது உண்மை. கயிறு இழுபட்டது உண்மை. கொளுக்கி வெறுமையாகக் கிடந்தது உண்மை. அவ்வளவு உண்மைக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷன் குனிந்து நின்றார்.

நெருக்கடியில் புத்தியாக நடந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. சரி சேர் என்று சொன்னவன் நான். என்னைக் காப்பாற்றினது என் புத்தி இல்லை, திறப்பு என்னிடம் இல்லாததுதான். அந்தப் பிள்ளை என்னைத் திருத்த நினைக்கவில்லை. நல்லவனும் அவசரத்தில் திருப்புவான் என்று தெரிந்துகொண்டு, திருப்ப முடியாத இடத்தில் என்னை வைத்துவிட்டுப் போனா. பேசிப் பேசி எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றிருந்தால் அந்த நேரமும் போயிருக்கும்.

எண்ணெய் அண்ணை இப்போது பிரான்சில் மகளோடு இருக்கிறார். பூசை கழிந்து நாலாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு சின்ன ரின் மஞ்சள் பெயின்ற்றோடு என்னிடம் வந்தார். சந்தனம் கழுவுப்பட்டுப் போகுமாம், அதற்கு முதல் அந்தக் கோட்டுக்கு மேலால் பெயின்ற்றை இழுத்துவிட வேண்டுமாம். முகாமையாளரிடம் கேட்கவில்லை. பெயர்த்தகட்டைச் சிவப்புக் கொளுக்கியில் மாட்டினார். பிறகு அந்தப் பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினார். அவ திறப்பைக் கொடுத்தா. கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியில் நின்றோம். அவர் திரும்பி வந்து கதவைச் சாத்தின பிறகுதான் நான் மேடைக்குத் திரும்பினேன்.

ஆகவே தம்பி, கேட்டதற்கு மறுமொழி இதுதான். அந்தக் கோடு வடிவில்லைத்தான். நீலத்தை அடித்து அழிக்கிறதென்றால் அழியுங்கள், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. ஆனால் தூரிகையோடு உள்ளே போகிறவர் ஆரோ, அவர் முதலில் கண்ணாடி அறைக்குப் போய்த் திறப்பைக் கேட்டு வாங்கட்டும். அங்கே இருக்கிறவர் கோபத்தில் எறிந்தாலும் எடுத்துக் கழுத்தில் போடட்டும். பெயின்ற் காயும்வரைக்கும் அது அங்கேயே கிடக்கட்டும்.